எல்லாம் நிரப்பியாச்சு, சமர்ப்பிக்கத்தான் முடியலை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

செவிவழி:
எனக்குப் பார்வை கிடையாது. கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக்; ரெண்டும் திரையில இருக்கிறதைக் குரல்ல படிச்சுச் சொல்ற திரைவாசிப்பான்கள். படிக்கிறது, எழுதுறது, மெயில் எல்லாம் இதுலயே ஓடுது. மாட்டிக்கிறது பெரும்பாலும் படிவத்தோட கடைசியிலதான். சமீபத்துல ஒரு வேலைக்கு விண்ணப்பிச்சேன். பெயர், படிப்பு, முகவரின்னு எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காப் படிச்சுச் சொல்லுச்சு. முடிச்சுட்டு, பொத்தானுக்குப் போக 'பி' விசையைத் தட்டினா, அடுத்த பொத்தானே இல்லைங்குது. டேப் அடிச்சா நேரா அடியில இருக்கிற தனியுரிமைக் கொள்கைக்குத் தாவுது. அம்புக்குறியில வரி வரியா இறங்கினப்போ 'சமர்ப்பி'ன்னு வெறும் எழுத்தா ஒண்ணு கிடைச்சுது. அதுமேல என்டர் தட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பக்கமும் நகரலை, பிழைன்னும் சொல்லலை. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து அலுத்துப்போய் தங்கச்சியைக் கூப்பிட்டேன். "அண்ணா, செல்பேசி எண் கட்டத்தைச் சுத்தி சிவப்பா கோடு போட்டிருக்கே"ங்கிறா. சிவப்புக் கோடு காதுல எப்படி விழும்? எண்ணுக்கு நடுவுல இடைவெளி விட்டதுதான் குத்தமாம். அதைத் திருத்துறதுக்குள்ள 'உங்கள் நேரம் முடிந்தது'ன்னு வந்துடுச்சு. அதை மட்டும் அட்சரசுத்தமாப் படிச்சுச் சொல்லுச்சு!

ஒருவிரல்:
எனக்குக் கை நடுக்கம். மவுஸ் பிடிக்க வராது, விசைப்பலகை மட்டும்தான். பிறந்த தேதியைத் தட்டச்சு செய்யவிடாம நாள்காட்டியைத் திறந்துவிடுற படிவங்களை என்ன சொல்லித் திட்டுறதுன்னே தெரியலை. அம்புக்குறியைத் தட்டித் தட்டி மாசம் மாசமா என் பிறப்பு வரைக்கும் பின்னால போகணும். அதைத் தாண்டினா, 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்டு, துண்டுப் படத்தை இழுத்துப் பொருத்தச் சொல்லுது. நடுங்குற கையால எங்க இழுக்கிறது! 2023 அக்டோபர்ல வந்த வலை அணுகல் வழிகாட்டி 2.2 பதிப்புல, இழுக்கிற வேலைக்கு இழுக்காம முடிக்கிற மாற்று வழி வேணும்னு சேர்த்திருக்காங்க. தொடுற இடம் குறைஞ்சது 24க்கு 24 பிக்சல், இல்லேன்னா சுத்தி அதுக்கேத்த இடைவெளி. ஏட்டுல எல்லாம் இருக்கு.

நிசப்தம்:
நான் காது கேளாதவள். படிவத்தில் எனக்குச் சிக்கலே வராது. கடைசித் திரை வரும் வரை. 'சரிபார்ப்புக்காக இப்போது உங்களை அழைக்கிறோம்.' போன் அதிர்கிறது, எடுக்கிறேன், யாரோ ஏதோ எண்ணைச் சொல்கிறார்கள். குறுஞ்செய்தியில் அனுப்பும் வசதியே அங்கே இல்லை. உதவி அரட்டையில் எழுதிக் கேட்டால், 'எங்கள் எண்ணுக்கு அழைக்கவும்' என்று பதில் வருகிறது.

விளக்கக் காணொளிகளும் இப்படித்தான். தானியங்கி வசனவரியை நம்பி ஒன்றைச் செய்யப் பயமாக இருக்கிறது. தமிழில் 'செய்யலாம்', 'செய்யாதீர்கள்' எல்லாமே வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். பேசுபவர் அந்த வாலை விழுங்கினால் வசனவரியும் விழுங்கிவிடுகிறது. 'பக்கத்தைப் புதுப்பிக்க' என்று மட்டும் வந்து நின்றால் நான் புதுப்பிப்பதா, வேண்டாமா? யாராவது ஒருவர் உட்கார்ந்து திருத்தினால் போதும்.

பூதக்கண்ணாடி:
எனக்குப் பார்வை குறைவு. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து, அதுவும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரியில்! சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும். பெரிதாக்கலாம் என்றால் விரலால் விரிப்பதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். வேறென்ன சொல்ல.

சோதனையாளர்:
இணையதளங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. செவிவழி சொன்னதை அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்தை எழுதும்போது பொத்தானுக்கென்றே உள்ள பட்டன் என்ற குறியீட்டைப் போட்டால் டேப், என்டர், ஸ்பேஸ், திரைவாசிப்பான் எல்லாம் தானாகவே வேலை செய்யும். அதை விட்டுவிட்டு டிவ் என்ற வெறும் பெட்டிக் குறியீடு ஒன்றுக்குப் பொத்தான் மாதிரி வண்ணம் பூசி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், விசைப்பலகைக்கு அது இருப்பதே தெரியாது. பிழைச் செய்தியை எழுத்தில் போட்டு, அது எச்சரிக்கை என்று காட்டும் ரோல் அலர்ட் என்ற குறிப்பைக் கொடுத்தால் திரைவாசிப்பான் உடனே வாசிக்கும். நேரக்கெடு பற்றியும் 2008இல் வந்த அதே வழிகாட்டியின் 2.0 பதிப்பிலேயே இருக்கிறது: சில விதிவிலக்குகள் தவிர, முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்க வாய்ப்புத் தர வேண்டும். தானியங்கிக் கருவி நிற வேறுபாட்டைப் பிடிக்கும், மாற்று உரை (படத்தை விவரிக்கும் எழுத்து) இல்லாத படத்தைப் பிடிக்கும். படிவம் கடைசிவரை போகிறதா என்று அது சொல்லாது. அதற்கு மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் நிரப்பிப் பார்க்க வேண்டும்.

ஒருவிரல்:
ஓரத்துல சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பொத்தானை ஒட்டிவைக்கிறாங்களே, அதுல சரியாகாதா?

சோதனையாளர்:
எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். அதெல்லாம் உங்கள் உலாவியிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் டிவ் டிவ்வாகவேதான் இருக்கும்.

செவிவழி:
எனக்கு அதனால தொல்லைதான். என் குறுக்கு விசைகளோட மோதுது.

சமர்ப்பிச்ச பிறகும் ஒரு கண்டம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். அறிவுரைகள்னு ஒரு பிடிஎஃப் வந்துது. திறந்தா "ஜே கே பி ஓ"ன்னு ஆங்கில எழுத்தா உளறுது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சது. கண்ணுக்குத் 'தமிழ்'னு தெரியும், உள்ளே இருக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரைவாசிப்பான் உள்ளே இருக்கிறதைத்தானே படிக்கும்? தேடினாலும் கிடைக்காது. ஒருங்குறியில (யூனிகோட்) அடிச்சிருந்தா இந்தப் பேச்சே இல்லை. இப்போதைக்கு நான் செய்யுறது: எழுத்தை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில போட்டு எடுக்கிறேன். ஆனா நடுவுல இருக்கிற மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துத் தமிழாக்கி வச்சுடும். அதனால மூல நகலையும் பக்கத்துலயே வச்சுக்கோங்க, முகவரியை அதுல இருந்து எடுத்துக்கலாம்.