மீன் தொட்டி முழுக்க நத்தை, பொண்ணு கையில அரிப்பு: பயப்படணுமா?

கப்பிப்பித்தன்:
நாலு மாசமா ஒரு 60 லிட்டர் தொட்டி வெச்சிருக்கேன். பத்துப் பதினஞ்சு கப்பி, கொஞ்சம் வாலிஸ்னேரியா, ஜாவா பாசி. செடியோட முட்டை ஒட்டிக்கிட்டு வந்திருக்கணும், இப்போ கண்ணாடி பூரா குட்டி நத்தை. ஓடு தட்டையா, கயித்தைச் சுருட்டி வெச்ச மாதிரி. உடம்பு செங்கல் நிறம்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பொறுக்கி டப்பாவுல போடுறதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. நேத்து முழங்கைக்குக் கீழ சிவப்பா நாலஞ்சு புள்ளி, விடாம சொறியுறா. ராத்திரி உட்கார்ந்து தேடினா, நன்னீர் நத்தைதான் உலகத்துலயே ஆபத்தான பிராணிகள்ல ஒண்ணுன்னு போட்டிருக்கான். தூக்கம் போச்சு. தொட்டியைக் கவிழ்த்துடவா?

மூழ்காத கப்பல்:
காப்பர் சல்ஃபேட் ஒரு சிட்டிகை போடுங்க. ஒரே நாள்ல நத்தை சுத்தம்.

பழைய லேப்காரன்:
மேல சொன்னதைச் செய்யாதீங்க. அத்தனை நத்தையும் ஒரே நாள்ல செத்து அழுகினா அம்மோனியா ஏறி கப்பியும் போயிடும்.

ஆறு வருஷம் ஒட்டுண்ணி ஆய்வகத்துல நத்தை வளர்த்துச் சம்பளம் வாங்கினவன் நான். நீங்க படிச்சது சிஸ்டோசோமா புழு பத்தி, நத்தைக்குள்ள வளர்ந்து மனுஷனுக்கு நோய் கொடுக்கிற ஒட்டுண்ணி. காலையில ஒரு நத்தையைச் சின்னக் குடுவைத் தண்ணியில போட்டு விளக்கு வெளிச்சத்துல வைப்போம். தொத்து உள்ள நத்தைன்னா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தண்ணிக்குள்ள தூசி பறக்கும். பின்னால கறுப்புக் காகிதம் பிடிச்சாத்தான் தெரியும். லென்ஸ்ல பார்த்தா ஒவ்வொரு தூசிக்கும் ஒரு வால், வால் நுனி கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும். அதுதான் செர்காரியா, நத்தையை விட்டு வெளிய வர்ற புழுக்குஞ்சு. தோல்ல பட்டா சில நிமிஷத்துல வாலைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிடும். கையுறை இல்லாம அந்த மேசைப் பக்கமே யாரும் போக மாட்டோம்.

ஆனா நத்தை பிறக்கும்போதே இதோட பிறக்கிறதில்லை. நோயுள்ளவங்க மலமோ சிறுநீரோ தண்ணியில கலக்கணும். அதுல இருக்கிற முட்டை பொரிஞ்சு, வெளிய வர்ற குஞ்சு ஒரு நாளுக்குள்ள தனக்கேத்த இன நத்தைக்குள்ள புகுந்துடணும். அப்புறம் சில வாரம் உள்ளேயே பெருகணும். தாய் நத்தைக்கே தொத்து இருந்தாலும் அது இடுற முட்டைக்குப் போகாது. உங்க தொட்டியிலேயே பொரிஞ்ச குட்டிங்க எங்கேருந்து வாங்கும், சொல்லுங்க?

நத்தையை மட்டும் குத்தம் சொல்றது எனக்குப் பிடிக்காது. மேற்கு ஆப்பிரிக்காவுல, செனகல் ஆத்துல உப்புத்தண்ணி ஏறாம இருக்க 1986-ல டியாமா அணை கட்டினாங்க. நன்னீர் தேங்கி நத்தை பெருகிச்சு. நத்தையைத் தின்னுக்கிட்டிருந்த ஆத்து இறாலுக்குக் குஞ்சு வளர உப்பு கலந்த முகத்துவாரத் தண்ணி வேணும். அந்த வழியை அணை அடைச்சிடுச்சு. ரெண்டே வருஷத்துல ரிஷார்-டோல் ஊர்ல குடல் சிஸ்டோசோமா தலைகாட்டி, அப்புறம் ஊரையே பிடிச்சிடுச்சு. பிராசிகுவான்டெல் மாத்திரை உள்ள இருக்கிற புழுவைக் கொல்லும், நல்ல மருந்துதான். ஆனா மாத்திரை போட்ட பையன் மறுநாளே அதே ஆத்துல குளிச்சா? 2021-ல உலகம் பூரா மருந்து தேவைப்பட்டவங்க 25 கோடிக்கும் மேலன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது.

பொண்ணு கையை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, கொசுக்கடியாகவும் இருக்கலாம். வீட்டுல தொட்டி இருக்குன்னு மறக்காம சொல்லுங்க. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, வெட்டுக்காயத்தோட தொட்டி கழுவி, மூணு வாரம் கழிச்சு எனக்கு விரல்ல ஒரு கட்டி வந்துச்சு. ஒரு டாக்டர் மருன்னு சுட்டார், இன்னொருத்தர் பூஞ்சைன்னு களிம்பு கொடுத்தார். அஞ்சு மாசம் அலைஞ்சேன். மூணாவது ஆள்தான் "மீன் வளர்க்கிறீங்களா?"ன்னு கேட்டார். மைக்கோபாக்டீரியம் மரினம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தம், 30 டிகிரி வாக்குல நல்லா வளரும், அதனாலதான் உடம்போட குளிர்ந்த பாகமான விரலைப் பிடிக்குது. மாசக்கணக்கா ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். தொட்டியில பயப்படணும்னா நத்தையை விட இதுக்குத்தான். காயம் இருந்தா கையை விடாதீங்க. விட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க.

கப்பிப்பித்தன்:
காட்டிட்டேன் சார். பூச்சிக்கடிதான்னு சொல்லிட்டார், புள்ளியும் அமுங்கிடுச்சு. இப்போ வேற பிரச்சினை. நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், பொண்ணு டப்பாவுக்குப் பின்னால கறுப்பு அட்டையை வெச்சுட்டு "அப்பா, தூசி பறக்குது!"ன்னு ஒரே கத்தல். எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. வெள்ளையா, நீந்தாம விட்டு விட்டு எகிறுது. பின்பக்கம் ரெண்டு பை தொங்குற மாதிரி.

பழைய லேப்காரன்:
எகிறுதுன்னா செர்காரியா இல்லை. அது சைக்ளாப்ஸ், தண்ணியில வாழுற இறால் வகைக் குட்டிப் பிராணி. ரெண்டு பையும் முட்டை, அப்போ அது பொட்டை. லென்ஸ் வெச்சு நெத்தியில ஒத்தைக் கண்ணைத் தேடச் சொல்லுங்க.

இதுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. கினிப் புழு, அதாவது நரம்புச் சிலந்தியோட குஞ்சைச் சுமக்கிறது இந்த இனம்தான். தண்ணியோட அதை விழுங்கினா, ஒரு வருஷம் கழிச்சு காலைத் துளைச்சுக்கிட்டு முழ நீளத்துக்கு மேல புழு வரும். 1986-ல வருஷத்துக்கு 35 லட்சம் பேருக்கு வந்துச்சு, 2023-ல 14 பேர். தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. பெரும்பாலும் குடிதண்ணியைத் துணியில வடிகட்ட வெச்சும், புழு வெளிய வர்ற காலோட குளத்துல இறங்க விடாமலும் சாதிச்சது.

உங்க டப்பாவுல இருக்கிறது வெறும் சைக்ளாப்ஸ். தொட்டியில ஊத்திடுங்க, கப்பி பத்து நிமிஷத்துல காலி பண்ணிடும்.

கப்பிப்பித்தன்:
ஊத்த விட மாட்டேங்குறா சார். பேர் வெச்சுட்டா.