கலைச்சொல் வேண்டும்: இதயமும் நுரையீரலும் சேர்ந்து உழைக்கும் திறனுக்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.
மாரடைப்புக்குப் பின் உடற்பயிற்சி தொடங்குவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கார்டியோரெஸ்பிரேட்டரி ஃபிட்னஸ்’ ஒன்றுதான் பாக்கி. நெடுநேரம் நடக்கும்போதும் ஓடும்போதும் இதயம், நுரையீரல், இரத்தக் குழாய், தசை எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனைக் கொண்டுசேர்த்துச் செலவழிக்கும் திறன் என்பது பொருள். இப்போதைக்கு ‘இதய சுவாச உடற்தகுதி’ என்று போட்டிருக்கிறேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன், யாருக்கும் புரியவில்லை. அட்டவணைத் தலைப்பிலும் வருகிறது, கட்டம் சின்னது. உதவுங்கள்.
— கா.

கா. அவர்களுக்கு,
முதலில் ‘உடற்தகுதி’யை விட்டுவிடுங்கள். கல்+தூண் கற்றூண் ஆவதுபோல் இது உடற்றகுதி என்று புணரும். கடினமாகத் தோன்றினால் உடல் தகுதி என்று பிரித்தாவது எழுதுங்கள். றகர ஒற்றுக்குப் பின் தகரம் வராது. செய்தித்தாள்கள் எழுதுகின்றன என்பதற்காக மெய்ம்மயக்க விதி மாறிவிடாது.
அடுத்து, இதயமும் சுவாசமும் வடசொற்கள். நமக்கு நெஞ்சு இருக்கிறது, உயிர்ப்பு இருக்கிறது. வெய்துயிர்த்தல், நெட்டுயிர்ப்பு என்று படித்தவர்கள்தானே நாம்? உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல். என் பரிந்துரை: நெஞ்சுயிர்ப்புரம் (நெஞ்சு + உயிர்ப்பு + உரம்).
— பு.

ஐயா, வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியர். நெஞ்சுயிர்ப்புரம் என்று விளையாட்டுத் திடலில் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. 1968இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் வகுத்த 12 நிமிட ஓட்டத்தைத்தான் பிள்ளைகளுக்கு வைக்கிறேன்: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் இந்தத் திறன் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கடைசிச் சுற்றிலும் ஒரே சீராக வருகிறவனைப் பார்த்து மற்றவர்கள் “அவனுக்குத் தம் இருக்கு சார்” என்பார்கள். சொல் ஏற்கெனவே இருக்கிறது. தம்!
— மு.

மு. அவர்களே, இதய நோயாளிகளுக்கான கையேட்டில் ‘தம்’மா? “தம்மை வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று அச்சடித்தால் புகைபிடிப்பவர் என்ன பொருள் கொள்வார்?
— கா.

சரி, அப்படியானால் ‘மூச்சுத்திறன்’. ‘மூச்சுப்பிடிப்பு’ என்றும் யோசித்தேன். ஆனால் அது நெஞ்சிலோ விலாவிலோ சுருக்கென்று பிடித்துக்கொள்ளும் வலிக்குப் பெயராகிவிட்டது.
— மு.

மருத்துவராக ஒரு மறுப்பு. மூச்சுத்திறன் என்றால் நுரையீரல் கொள்ளளவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நோயில்லாதவர் மூச்சிரைக்க ஓடும்போதும் பெரும்பாலும் தடை நுரையீரலில் இல்லை. அங்கிருந்து புறப்படும் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய நிறைந்தேதான் இருக்கிறது. அந்த இரத்தத்தை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இதயம் தள்ளுகிறது என்பதில்தான் எல்லை. ஓய்வில் சுமார் 5 லிட்டர். பயிற்சி இல்லாத இளைஞர் முழுமூச்சாக ஓடினால் 20 லிட்டர் அளவில். தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரருக்கு 30ஐயும் தாண்டும். பயிற்சியால் உச்ச நாடித்துடிப்பு கூடுவதில்லை, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம்தான் கூடுகிறது. அதனால்தான் பயிற்சி பெற்றவருக்கு ஓய்விலும் நாடி நிதானமாக அடிக்கிறது.
1966இல் அமெரிக்காவின் டல்லஸில், ஆய்வுக்காக 5 இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் ஏற்பு, அதாவது முழுமூச்சாக உழைக்கும்போது உடல் நிமிடத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், கால்பங்குக்கு மேல் குறைந்தது. ‘மூச்சுத்திறன்’ என்று எழுதினால் நோயாளி உட்கார்ந்த இடத்தில் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு, நடையை விட்டுவிடுவார் என்பதே என் கவலை.
‘தகுதி’யும் வேண்டாம். தகுதி என்றால் உண்டு, இல்லை என்ற இரண்டுதான். இதுவோ அளந்து சொல்லக்கூடியது: ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 3.5 என்று கணக்கு.
— மரு. ந.

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. நீங்கள் ‘திறன்’ என்று பௌதிகத்தில் படித்ததை நாங்கள் ‘வலு’ என்று படித்தோம். உங்கள் ‘ஆற்றல்’ எங்களுக்குச் ‘சக்தி’. கையேடு இங்கேயும் வருமென்றால் ‘இதய வலு’ என்று வையுங்கோ. சின்னக் கட்டத்துக்குள்ளும் அடங்கும்.
— சி.

பு. ஐயாவின் சொல்லில் உள்ள ‘உரம்’ என்பதை யாரும் கவனிக்கவில்லையே! உரம் என்றால் வலிமை. உரம் என்றால் மார்பும்கூட. நாம் தேடும் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருக்கின்றன. ‘உரன்’, ‘உரவோர்’ எல்லாம் இந்த வேர்தான். ‘உரை’, ‘உரசு’, ‘உரல்’ வரை கொண்டுபோகலாம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். “காற்றைப் பிடிக்கும் கணக்கு” என்று திருமூலர் பாடியதும் ஆக்சிஜன் ஏற்பின் கணக்குத்தான் என்பது என் துணிபு.
— செ.

செ. அவர்களுக்கு, மார்பைக் குறிக்கும் உரம் ‘உரஸ்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வலிமையைக் குறிப்பது வேறு சொல். திருமூலர் பாடியது மூச்சை அடக்குவதை. மருத்துவர் சொல்வதோ மூச்சு வாங்க உழைப்பதை. இன்றைய வாசகருக்கு உரம் என்றால் வயலுக்கு இடுவது; ‘நெஞ்சுரம்’ என்றால் துணிச்சல்.
— கா.

மருத்துவர் சொல்வது சரி, உழைப்பது இதயம். ஆனால் மாடி ஏறுகிறவர் “இதயம் போதிய இரத்தத்தைத் தள்ளவில்லை” என்றா சொல்கிறார்? “மூச்சு வாங்குது” என்கிறார். அவர் உணர்வது மூச்சைத்தான். பயிற்சியின் வேகத்தைக்கூட அதைவைத்துத்தானே சொல்லித்தருகிறோம்? பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அது மிதமான வேகம். சொல்லில் மூச்சு இருக்கட்டும்.
— மு.

இருக்கட்டும், இதயத்துக்குப் பின்னால்.
— மரு. ந.

அனைவருக்கும் நன்றி. இன்று இரவே பக்கங்களை அனுப்பியாக வேண்டும். ‘இதய–மூச்சுத் திறன்’ என்பதை மூவர் ஏற்றிருக்கிறார்கள், அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் “நீடித்து நடக்க, ஓட இதயமும் நுரையீரலும் தசையும் சேர்ந்து தரும் திறன்” என்று ஒரு வரி விளக்கமும் இருக்கும். அட்டவணையில் ‘இ.மூ.திறன்’. சி. அவர்களே, இலங்கைப் பதிப்பு வந்தால் ‘வலு’வை எடுத்துக்கொள்கிறேன். பு. ஐயா, ‘ஹ்ருதயம்’ இதயம் ஆனபோதே வடவெழுத்தை விட்டுவிட்டது. தொல்காப்பியர் அதற்கு இடம் தந்திருக்கிறார்.
— கா.

தொல்காப்பியர் தந்தது இடம், கட்டாயமன்று. தமிழில் சொல் இல்லாதபோது கடன் வாங்கலாம். உயிர்ப்பு என்ற சொல் கையில் இருக்கும்போது எதற்கு? ‘மூச்சு’ தமிழ் என்ற அளவில் ஒத்துக்கொள்கிறேன். ‘இதய’த்துக்கு என் மறுப்பைக் குழுவின் தொகுப்பில் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பில் ‘நெஞ்சக–உயிர்ப்புத் திறன்’ என்று திருத்தக் கேட்பேன்.
— பு.