அப்பாவின் வெற்றிலை, புகையிலைப் பழக்கம்: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் சுன்னாகம். அப்பா இளந்தாரி வயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். இப்போது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை, உறைப்புக் கறி பட்டாலே எரிகிறதாம். பல் வைத்தியர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் விட விருப்பம்தான். ஆனால் தேத்தண்ணி குடித்ததும் கை தன்பாட்டில் கொட்டப்பெட்டிக்குப் போகிறது. கராம்பு, ஏலக்காய் கொடுக்கிறோம். பின்னேரம் வரை தாங்குகிறார், அப்புறம் தலையிடி, எரிச்சல்.

புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்கிறார்கள் சொந்தக்காரர். அது பிழை. பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் விட்டவர்கள் முதல் சில கிழமைகளை எப்படிக் கடந்தார்கள்? யாழ்ப்பாணத்தில் இதற்கு ஆலோசனை தரும் கிளினிக் எங்கே, எந்த நாள்? அப்பாவோடு நேரில் கதைக்கக்கூடிய ஒருவர் கிடைத்தாலும் பெரிய உதவி.