அப்டேட்: விறைப்புக் குறைபாடு, மனசா உடம்பா?

முன்னாடி இங்கே கேட்டிருந்தேன்: வயசு 44, விறைப்பு வருது, நிலைக்க மாட்டேங்குது, டென்ஷன்தான் காரணமா? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "காலையில் தானா விறைப்பு வருதானு பாருங்க, வரலைனா மனசு இல்ல, உடம்புதான் காரணமா இருக்கலாம், சுகர் டெஸ்ட் எடுங்க"னு ஒரு அண்ணன் சொன்னதுதான் சரியா அமைஞ்சது. எனக்கு வரலை.

அண்ணா நகர்ல ஒரு யூராலஜிஸ்ட்டை (சிறுநீரக, ஆணுறுப்புப் பிரச்சினை டாக்டர்) பார்த்தேன். திடீர்னு வந்ததா, கொஞ்சம் கொஞ்சமா வந்ததா, பிரஷர் மாத்திரை, சிகரெட் உண்டானு கேட்டார். அப்புறம் டியூனிங் ஃபோர்க்கை (தட்டினா அதிர்ற இரும்புக் கவை) தட்டி கால் கட்டைவிரல்ல வச்சார். (வந்த விஷயம் என்ன, இவர் பார்க்கிற இடம் என்ன!) அதிர்வு சரியா தெரியலை; சுகர் நரம்பைத் தொட்டிருச்சாம்.

ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 8.6%. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) நார்மல்; அதுக்கு ரத்தம் காலையிலேயே கொடுக்கணும்.

எதிர்பாராதது, ஈசிஜி எடுக்கச் சொன்னது. இதய ரத்தக்குழாயை விட ஆணுறுப்புல குழாய் சின்னதாம், அடைப்பு முதல்ல அங்கேதான் காட்டுமாம். எனக்கு ஈசிஜி நார்மல். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுறவங்க சில்டெனாஃபில் (வயாகராங்கிற விறைப்பு மாத்திரை) தொடவே கூடாது, பிரஷர் அபாயமா இறங்கிடும்.

இப்போ சுகர் மாத்திரை, ரேஸ்கோர்ஸ்ல நடை, ராத்திரி புரோட்டா கட். முழுசா சரியாகலை, ஆனா முன்னேற்றம் நல்லாவே தெரியுது.