செத்தது டிஸ்க்கா, பெட்டியா? கேசிங் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

தஞ்சாவூர், கணக்கு எழுதுபவர்:

மேசைக் கணினியோடு ஹார்ட் டிஸ்க் கேசிங் (கழற்றிய டிஸ்க்கை உள்ளே வைத்து யூஎஸ்பி வழியாக இணைக்கும் வெளிப்பெட்டி) வைத்துப் புழங்குபவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். அதில் வெட்கப்பட வேண்டிய பகுதியும் உண்டு.

பழைய கணினியை எடைக்குப் போட்டபோது அதிலிருந்த மூன்றரை அங்குல டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர்களின் டேலி கோப்புகள், ஸ்கேன் செய்த ரசீதுகள், மகளின் ஆண்டுவிழாப் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு கேசிங் வாங்கி, நான்கு திருகாணிகளை முடுக்கி, யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் புதுக் கணினியில் அப்படியே திறந்துகொண்டது. பெட்டிக்குள் பெரிய சமாசாரம் எதுவும் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பலகை இருக்கிறது. டிஸ்க் பேசும் சாட்டா மொழியை யூஎஸ்பியாக மாற்றிக் கணினிக்குச் சொல்லும் துபாஷி அது. லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டே போதும். மூன்றரை அங்குலத்தின் மோட்டார் சுற்றுவதற்குத் தனியாக 12 வோல்ட் வேண்டும். அதற்காக ஒரு கறுப்பு அடாப்டர்.

அந்த அடாப்டரில்தான் கோட்டை விட்டேன். 2012ஆம் ஆண்டின் மின்வெட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என் கணினிக்கு யூபிஎஸ் உண்டு. மின்சாரம் போனால் விளக்கு அணையும், மின்விசிறி நிற்கும், நான் மட்டும் வியர்க்க வியர்க்கக் கோப்பைச் சேமித்துவிட்டு நிதானமாகக் கணினியை அணைப்பேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த டிஸ்க் பாதி வேலையில் காணாமல் போகும். மறுமுறை திறந்தால் சரிபார்க்க வேண்டும் என்று விண்டோஸ் சொல்லும். சரிபார்த்து முடித்தால் ஒரு கோப்புறை நிறையப் பெயரிழந்த துண்டுகள் கிடக்கும். ஒரு அரிசி மண்டியின் முழு ஆண்டுக் கணக்கு அப்படித் துண்டானது. டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து புதியது ஒன்று வாங்கினேன். முந்தைய ஆண்டு தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி, விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்த நேரம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். பத்தே நாளில் புது டிஸ்க்கும் அதே பாடு பட்டது.

கடைசியில் யூபிஎஸ்ஸுக்கு பாட்டரி மாற்ற வந்த தம்பிதான் மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இந்த அடாப்டர் மட்டும் ஏன் சுவரில் இருக்கிறது?" என்று கேட்டான். யூபிஎஸ்ஸின் பின்னால் மூன்று துளைகள். கணினி, மானிட்டர், மோடம் என்று மூன்றும் நிரம்பிவிட்டதால் கேசிங் சுவருக்குப் போயிருந்தது. மின்சாரம் போனால் கணினி உயிரோடு இருக்கும், டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மூச்சை விடும். மோடத்தைச் சுவருக்கு மாற்றினேன், தொல்லை தீர்ந்தது. மின்வெட்டின்போது இணையம் வேண்டும் என்று வீட்டில் எழுந்த புகார் மட்டும் தீரவில்லை.

இப்போது புதுச் சிக்கல். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடித்ததிலிருந்து டிஸ்க் ஓடத் தொடங்கும்போது 'டிக், டிக்' என்கிறது. சுற்றப் பார்க்கிறது, நின்றுவிடுகிறது, மறுபடியும் முயல்கிறது. சில நாள் மூன்றாவது முயற்சியில் ஓடிவிடுகிறது. சில நாள் ஓடுவதே இல்லை. வெள்ளையடித்தவர்கள் எங்கேயாவது இடித்துவிட்டார்களோ என்று சந்தேகம். இரண்டாவது முறையும் அவசரப்பட்டு டிஸ்க் வாங்க மனம் வரவில்லை.

கோவை, லேத் பட்டறை:

டிக்கென்ற சத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு வந்தது வேறு. காலையில் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் கணினிக்காரரைக் கூப்பிட்டுக் காசு அழுதேன். கேசிங்கைச் செருகியபடியே விட்டதால் கணினி அதிலிருந்து விண்டோஸைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்பில், எந்த டிஸ்க்கை முதலில் தேட வேண்டும் என்ற வரிசையை மாற்றியதும் சரியாயிற்று. மூன்று நிமிட வேலை.

சிவகாசி, அச்சகம்:

தஞ்சாவூர்க்காரர் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டார். நான் கடைக்காரரையே சந்தேகப்பட்டேன்.

எங்களுக்குக் காலண்டர் வடிவமைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு குவியும். ஐப்பசி, கார்த்திகையில் பழைய வாடிக்கையாளர் வந்து "போன வருஷம் போட்ட அதே முருகன்" என்பார். போன வருஷத்து முருகன் கையில் இருந்தாக வேண்டும். அதற்காக 3 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கி, நெடுநாளாக வைத்திருந்த பழைய கேசிங்கில் போட்டேன். கணினி 746 ஜிபி என்று காட்டியது. டிஸ்க்கைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், மேலட்டையை மாற்றி ஒட்டி ஏமாற்றிவிட்டீர்கள் என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். அவர் பதில் பேசவில்லை. டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து உருவித் தன் கணினியில் நேராகச் செருகினார். 2.72 டெராபைட் என்று வந்தது. (3 ஏன் இல்லை என்றால், டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. அது வேறு வழக்கு.)

குற்றவாளி பெட்டிக்குள் இருந்த பழைய சில்லு. டிஸ்க்கில் தரவு சின்னச் சின்னக் கட்டங்களாக எழுதப்படுகிறது; அந்தக் கட்டங்களை அது 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. 512 பைட் கட்டங்கள் என்றால் 2 டெராபைட்டைத் தாண்டியதும் எண் தீர்ந்துவிடும். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் முள் 99999க்குப் பிறகு பூஜ்யத்துக்கு வருவதுபோல அதுவும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. 3 டெராபைட்டில் முதல் சுற்று போக மிஞ்சியதைத்தான் 746 என்று காட்டியிருக்கிறது. என்னுடையது புது டிஸ்க் என்பதால் எதுவும் போகவில்லை. ஏற்கெனவே கோப்புகள் நிறைந்த பெரிய டிஸ்க்கை இப்படிப்பட்ட பெட்டியில் போட்டு, விண்டோஸ் கேட்கிறதே என்று, டிஸ்க்கைப் புதிதுபோல் தயார் செய்யும் 'இனிஷியலைஸ்' பொத்தானை அழுத்தியிருந்தால் என் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்தக் கடைக்காரரிடமே புதுக் கேசிங்கும் வாங்கினேன். விலை குறைக்கச் சொல்ல வாய் வரவில்லை.

மதுரை, புகைப்படக் கூடம்:

சிவகாசி நண்பருக்கு நேர்ந்ததற்கு நேர் எதிரானது எனக்கு. பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததால் வந்த வினை.

நான் வாங்கியது டிஸ்க்கோடு சேர்ந்தே வரும் மேசைப் பெட்டி, 4 டெராபைட். மூன்று ஆண்டுத் திருமணங்கள் அதில் இருந்தன. (இன்னொரு பிரதி எங்கே என்று கேட்பவர்களுக்கு: அன்று இல்லை, இன்று இரண்டு இருக்கின்றன.) ஒரு நாள் உதவியாளர் கேபிளில் கால் இடறி, பெட்டியின் யூஎஸ்பி வாயே பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க்தானே என்று பெட்டியைப் பிளந்து, டிஸ்க்கைக் கணினிக்குள் நேராகப் பொருத்தினேன். மோட்டார் இதமாகச் சுற்றியது. திரையில் மட்டும் 'பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்ற அறிவிப்பு.

அந்த வாரம் மேலூர்க் கல்யாணத்தின் ஆல்பம் தர வேண்டும். பெண்ணின் தாய்மாமன் தினமும் வந்து உட்கார்ந்துகொள்வார். "படம் கழுவ இவ்வளவு நாளா, தம்பி?" என்பார். கழுவும் காலம் போய்விட்டது என்று அவரிடம் சொல்லும் தெம்புகூட எனக்கு இல்லை. தரவு மீட்கும் இடத்தில் கேட்ட தொகைக்கு நல்ல லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம்.

கல்லூரியில் படிக்கும் அக்காள் மகன் வந்து பார்த்தான். "மாமா, டிஸ்க் நன்றாக இருக்கிறது. பக்க எண்தான் மாறிவிட்டது" என்றான். பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலும் பெரிய டிஸ்க் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில பெட்டிகள் ஒரு தந்திரம் செய்கின்றனவாம். எட்டு 512 பைட் கட்டங்களைச் சேர்த்து 4096 பைட் கொண்ட ஒரே கட்டம் என்று கணினியிடம் சொல்லும். பெட்டி இருக்கும்வரை எல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதப்படும். நேராகப் பொருத்தினால் டிஸ்க் தன் சொந்த 512 கணக்கைச் சொல்லும். 'முதல் கட்டத்தில் பொருளடக்கம்' என்று கணினி தேடிப் போனால் அங்கே வேறெதுவோ இருக்கும். சில பெட்டிகள் இதற்கும் மேலே போய், எழுதுவதையெல்லாம் அந்தப் பெட்டி மட்டுமே படிக்கும்படி சங்கேதமாக்கிப் பூட்டியே எழுதும். என்னுடையதில் நல்லவேளையாகப் பூட்டு இல்லை.

அதே மாடல் காலிப் பெட்டியை ஒருவரிடமிருந்து பழைய பொருள் விலைக்கு வாங்கி, டிஸ்க்கை அதற்குள் திரும்ப வைத்தேன். மூன்று ஆண்டுத் திருமணங்களும் வரிசையாக வந்து நின்றன. தாய்மாமனுக்கு எதையும் சொல்லவில்லை. ஆல்பத்தில் தான் இருக்கும் பக்கங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

டொரொன்டோ, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்:

அப்பாவின் பழைய கணினி நிலக்கீழ் அறையில் கிடந்தது. அவர் இறந்த பிறகு அதிலிருந்த 40 ஜிபி டிஸ்க்கை எடுத்தேன். சாட்டாவுக்கு முந்திய ஐடிஇ வகை, அகலமான நாடாக் கேபிள். அதற்கான கேசிங் தேடிப் பிடிக்கவே ஒரு மாதமாயிற்று. பொருத்தினால் சுற்றுகிறது, கணினியில் தெரியவில்லை. டிஸ்க்கின் பின்புறம் ஊசிகளுக்கு நடுவே அரிசிமணி அளவில் ஒரு ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்னத் துண்டு) 'ஸ்லேவ்' என்ற இடத்தில் இருந்தது. அப்பா அதை இரண்டாவது டிஸ்க்காகப் பயன்படுத்தியிருக்கிறார். பெட்டிக்குள் அது ஒன்றுதான் டிஸ்க், ஆகவே 'மாஸ்டர்' ஆக வேண்டும். குறடால் பிடுங்கி இடம் மாற்றியதும் திறந்தது.

அவர் எழுதிய கடிதங்கள், ஊர்ச் சங்க அறிக்கைகள் எல்லாம் இருந்தன. திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க முடியவில்லை, எல்லாம் 'mk;kh' போன்ற ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். பாமினியை நிறுவிய அந்த நொடியில் திரை முழுவதும் தமிழாக மாறியது. இப்போது ஒவ்வொன்றாக, தனி எழுத்துரு இல்லாமலே எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். நாளுக்கு இரண்டு கடிதம் என்று வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியவில்லை.

வேலூர், ஆசிரியர்:

பிளாஸ்டிக் பெட்டி, கத்திரி வெயில், எங்கள் ஊர். மே மாதம் ஒரு மதியம் டிஸ்க் 57 டிகிரி காட்டியது. பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் எல்லையே 60தான். அலுமினியப் பெட்டிக்கு மாறி, சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன்.

இன்னொன்று. பெட்டியை மாற்றிய பிறகு கம்பியில்லா மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தது. மவுஸை மாற்றினேன், பாட்டரியை மாற்றினேன், திட்டியும் பார்த்தேன். யூஎஸ்பி 3.0 இணைப்பு எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதி வைத்திருக்கிறது. மவுஸின் ரிசீவரைக் கேசிங் கேபிளின் பக்கத்திலிருந்து எடுத்து முன்பக்கத் துளையில் செருகினேன். மவுஸ் பழையபடி ஓடியது.

சென்னை, மென்பொருள் வேலை:

கணினியே தொழில் என்பவன் செய்த காரியம் இது. மேசைக்கடியில் கையை மட்டும் விட்டுத் துழாவி, கிடைத்த அடாப்டர் முனையைக் கேசிங்கில் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன, அது லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர், முனை மட்டும் ஒரே அளவு. சின்னதாக ஒரு 'பட்', கொஞ்சம் புகை நாற்றம். சரியான அடாப்டரைப் போட்டும், வேறு பெட்டியில் போட்டும் டிஸ்க் அசையவில்லை.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மாடியறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் டிஸ்க்கின் பச்சைப் பலகையைக் கழற்றி, மீட்டரால் இரண்டு இடம் தொட்டுப் பார்த்தார். மிகை மின்னழுத்தம் வந்தால் தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காக்கும் ஒரு டயோடு 12 வோல்ட் பாதையில் உண்டாம். அது செத்தால் பாதையே ஷார்ட் ஆகிவிடும், டிஸ்க் எழாது. அதை மட்டும் பெயர்த்தெடுத்தார். டிஸ்க் சுற்றியது. "இனி இதற்குக் காவல்காரன் இல்லை. வீட்டுக்குப் போனதும் நகல் எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்" என்றார். எல்லா டிஸ்க்குக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று முதல் என் அடாப்டர் ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளை மையால் வோல்ட் எழுதியிருக்கிறது.

நாகர்கோவில், கணினி பழுதுபார்ப்பவர்:

தஞ்சாவூர் ஐயா, டிஸ்க்கை இன்னும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்றரை அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கும். நின்றிருக்கும் தட்டுகளைச் சுழல வைக்கும் முதல் சில வினாடிகளில்தான் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்வரை கேட்கும். அடாப்டரால் தர முடியாவிட்டால் வோல்ட் சரியும், மோட்டார் திணறும், டிஸ்க் விட்டுவிட்டு மறுபடி முயலும். நீங்கள் சொல்லும் சத்தம் அப்படித்தான் கேட்கும். உண்மையில் டிஸ்க் பழுதானாலும் டிக்கென்று கேட்கும் என்பதால் நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். அடாப்டரைத் திருப்பி, 'அவுட்புட்' என்ற வரியில் வோல்ட்டை மட்டுமல்ல, ஆம்பியரையும் படித்துச் சொல்லுங்கள். வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் கழற்றித்தானே மாட்டினீர்கள்?

தஞ்சாவூர், கணக்கு எழுதுபவர்:

டார்ச் எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் போய் வந்தேன். முட்டியில் சுண்ணாம்பு.

கேசிங்கில் செருகியிருந்தது 12 வோல்ட், 1 ஆம்பியர். சுவரில் மோடத்துக்குப் போயிருந்தது 12 வோல்ட், 2 ஆம்பியர். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே முனை. பொங்கலிலிருந்து மோடம் டிஸ்க்கின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றிச் செருகினேன். முதல் முயற்சியிலேயே ஓடியது. மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், டிக் இல்லை.

அரிசி மண்டிக் கோப்புகளை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் 40 நிமிடம் என்கிறது. வெள்ளையடித்தவர்களைத் தெருவில் பார்த்தும் இரண்டு வாரமாகப் பேசாமல் போய்க்கொண்டிருந்தேன்.