டிவி ஆப்களில் 5.1 படம் போட்டாலும் பின் ஸ்பீக்கர்கள் ஊமை

மாடிவீடு:
என்னிடம் ஏஆர்சி (டிவி சத்தத்தை அதே ஹெச்டிஎம்ஐ கேபிளில் திருப்பி வாங்கும் வசதி) உள்ள 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் ஓட்டும் ஆம்ப்) இருக்கிறது. சமீபத்தில் டிவி மாற்றினேன். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள். சத்தம் வருகிறது, ஆனால் டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்களில் 5.1 என்று போட்ட படத்தை ஓட்டினாலும் முன்னால் இருக்கும் இரண்டும் சப்வூஃபரும்தான் பேசுகின்றன. போதாததற்கு வசனம் உதட்டசைவுக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. ரிசீவரில் ஆடியோ டிலேயைக் கூட்டினால் இன்னும் மோசம். ப்ளூ-ரே பிளேயர் ரிசீவரில் இருக்கிறது. அதன் படத்துக்காக ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரு ஹெச்டிஎம்ஐயும் போகிறது. அந்தக் கேபிள் வழியாக டிவி சத்தம் திரும்பி வரவே இல்லை. ரிசீவரை மாற்ற வேண்டுமா?

சரவுண்ட்பிரியன்:
இ-ஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) உள்ள புது ரிசீவர் வாங்கிவிடுங்கள். தலைவலி விட்டது.

ஒயர்க்காரன்:
அதற்குள் செலவு வைக்காதீர்கள். இ-ஏஆர்சி தேவைப்படுவது ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி போன்ற, ப்ளூ-ரே டிஸ்க்குகளில் வரும் பெரிய ஆடியோ டிராக்குகள் டிவி வழியாக ரிசீவருக்குப் போக வேண்டியிருந்தால். உங்கள் ப்ளூ-ரே பிளேயர் நேராக ரிசீவரில் இருக்கிறது, அதற்கு டிவியின் தயவே வேண்டாம். ஆப்கள் பெரும்பாலும் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவம். 2009-இல் ஹெச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த சாதாரண ஏஆர்சியே அதைச் சுமக்கும், டிவி அனுப்பினால்.

முதலில் ரிசீவரின் முகப்பு டிஸ்ப்ளேயைப் பாருங்கள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மெனுவைத் தொடும் முன் அதைத்தான் பார்ப்பேன். பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று எழுதியிருந்தால் டிவியே 5.1-ஐ இரண்டு சேனலாகக் கலக்கி அனுப்புகிறது. ரிசீவர் மேல் பழி போட வேண்டாம். டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்பதை பிசிஎம்மிலிருந்து ஆட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு (வந்த ஒலியை அப்படியே அனுப்புவது) மாற்றுங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்புறம் ஆப்டிகலைக் கழற்றிவிடுங்கள். டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. டிவி அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், எல்லா டிவியும் அதைச் செய்வதில்லை.

ஏஆர்சி வராததற்குக் காரணம் பெரும்பாலும் போர்ட்தான். டிவியின் எல்லா ஹெச்டிஎம்ஐயிலும் அது இருக்காது, பக்கத்தில் ஏஆர்சி என்று அச்சிட்டிருக்கும் ஒன்றில்தான் மாட்ட வேண்டும். ரிசீவரில் இரண்டு அவுட் இருந்தால் அங்கேயும் அப்படியே. இரண்டு பக்கமும் சிஇசியை (கருவிகள் ஹெச்டிஎம்ஐ வழியாக ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் அனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஆளுக்கொரு பெயர் வைத்து நம்மை அலைய விடுகிறார்கள்! ரிசீவர் மெனுவில் ஏஆர்சிக்குத் தனி ஸ்விட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். பிறகு இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கி, சில நிமிடம் விட்டு மாட்டுங்கள்.

ஆடியோ டிலே சத்தத்தைத் தாமதப்படுத்த மட்டுமே தெரிந்தது. உங்களுக்கு ஏற்கெனவே சத்தம்தான் பிந்துகிறது. அதை 0-க்குக் கொண்டுவாருங்கள். டிவியிலும் டிஜிட்டல் அவுட் டிலே என்று ஒன்று இருந்தால் அதுவும் 0.

மாடிவீடு:
கேபிள் ஹெச்டிஎம்ஐ 1-இல் இருந்தது, ஏஆர்சி 3-இல் இருக்கிறது. மாற்றி, சிஇசி போட்டதும் சத்தம் வந்துவிட்டது. பாஸ்த்ரூ வைத்ததும் டிஸ்ப்ளேயில் டால்பி டி+, பின் ஸ்பீக்கர்களும் பேசுகின்றன. உதடும் வசனமும் ஒட்டிவிட்டன. டிவி ரிமோட்டிலேயே ரிசீவர் வால்யூமும் ஏறி இறங்குகிறது. ஒன்று மட்டும்: செய்தி சேனலுக்குப் போனால் மறுபடி முன்னால் இரண்டுதான்.

ஒயர்க்காரன்:
அது ஸ்டீரியோவாகவே வருகிறது. பின்னாலும் கேட்க வேண்டுமென்றால் ரிசீவரில் ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் டால்பி சரவுண்ட் அல்லது ப்ரோ லாஜிக் மோடு போடுங்கள். செய்தி வாசிப்பவர் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குப் பிடிக்காது, அதனால் நான் போடுவதில்லை.