தோட்டாவுக்குள் தோட்டா: எது குண்டு, எது கோது?

மதுரை, திங்கள் இரவு

அன்புடையீர், வெள்ளிக்கிழமைக்குள் ஓர் அத்தியாயத்தை மொழிபெயர்த்துப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, வயோமிங் புல்வெளிகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ‘பிரெய்ரி நாய்’ பற்றியது. அது நாயே அல்ல, அணில் குடும்பம். ‘புல்வெளி அணில்’ என்று மாற்றிவிட்டேன். மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கிறது என்று அதைச் சுடுகிறார்கள். ஒரே பகலில் முந்நூறு முறை சுடுகிறவர்களும் உண்டு. அவ்வளவு சுடுவதற்கு எந்தத் தோட்டா ஏற்றது என்று இரண்டு பக்கம் போகிறது. என் வரைவில் இப்படி ஒரு வாக்கியம்: ‘தோட்டாவுக்குள் 25 கிரெய்ன் மருந்து, நுனியில் 50 கிரெய்ன் தோட்டா.’ (மருந்து என்றால் வெடிமருந்து; கிரெய்ன் ஒரு சிறு எடையளவு.) முழுப் பொருளுக்கும் பறந்துபோகும் ஈயத்துக்கும் நம் செய்தித்தாள்கள் ஒரே சொல்லைத்தான் எழுதுகின்றன. வழி சொல்லுங்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

அம்மா, பறந்துபோவதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: உண்டை. மந்தரையின் கூனில் இராமன் வில்லால் அடித்ததைக் கம்பன் அப்படித்தான் சொல்கிறான். மலையாளத்தார் இன்றும் ‘வெடியுண்ட’ என்கிறார்கள். முழுப் பொருளுக்கு ‘வெடிச்சிமிழ்’ என்று வையுங்கள். தோட்டா உருதுவழி வந்தது என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோடு என்றால் ஓலை. காதில் சுருட்டிச் செருகிய ஓலையே தோடு. பழைய துப்பாக்கிக்கு மருந்தையும் குண்டையும் தாளில் சுருட்டித்தான் வைத்தார்கள். 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது அந்தக் கொழுப்புத் தடவிய தாள் சுருளைத்தான். ஆங்கிலச் சொல்லின் மூலமும் இத்தாலிய மொழியில் தாள் சுருள் என்பதே. தோடு, தோட்டா: இந்த உறவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

யாழ்ப்பாணம், செவ்வாய் மதியம்

ஐயா, தாள் சுருள் பொருத்தம் அழகானது. ஆனால் தெலுங்கில் ‘தூட்டா’, இந்துஸ்தானியில் ‘டோட்டா’ என்று சொல் வடக்கேயிருந்து வரிசையாக இறங்கி வருகிறது. தோட்டிலிருந்து பிறந்ததென்றால் பழைய நூல் ஒன்றாவது காட்ட வேண்டும். துப்பாக்கியே துருக்கியிலிருந்து வந்த சொல்; அதை வைத்துக்கொண்டு அதற்குள் போடுவதை மட்டும் தூய்மைப்படுத்துவது ஏன்? எங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. முழுப் பொருள் ரவை, பறப்பது சன்னம், சுட்டபின் தரையில் விழுவது கோது. போர்க்காலத்தில் செய்தி எழுதி எழுதிப் பழகிய சொற்கள்.

மதுரை, செவ்வாய் இரவு

கோது என்ற சொல்லுக்கு நன்றி. புளியங்கோது என்று இங்கும் சொல்கிறோம், படித்தவுடன் விளங்கும். ஆனால் சன்னம் என்றால் இங்கே மெல்லியது. ரவை என்றால் நாட்டுத் துப்பாக்கியில் அள்ளிப் போடும் சிறு ஈயமணிகள். வாசகர் தவறான பொருளுக்குப் போய்விடுவார்.

கொலராடோ, புதன்

நான் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவன். இந்த வேறுபாடு எனக்கு அன்றாட வேலை. சுட்ட பித்தளைக் கோதின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் பழைய எரிமூட்டியைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்துவேன். மருந்தைத் தராசில் நிறுத்து, புனலால் ஊற்றி, கோதின் கழுத்தில் குண்டைச் செருகுவேன். இந்த நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா.

உங்கள் இரண்டு பக்கத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. 223 ரெமிங்டன், 22-250 ரெமிங்டன், 1935இல் வந்த 220 ஸ்விஃப்ட் என்ற மூன்று தோட்டா வகைகளிலும் குண்டின் விட்டம் ஒன்றே, 0.224 அங்குலம். ஒரே 50 கிரெய்ன் குண்டை மூன்றிலும் செருகலாம். வேறுபடுவது கோதும் அது கொள்ளும் மருந்தும். 223க்கு ஏறத்தாழ 25 கிரெய்ன் மருந்து போதும். ஒரு பவுண்டு மருந்தில் 280 தோட்டா நிரப்பலாம். 22-250க்கு 36 வரை போகும். அதே பவுண்டில் இருநூறுகூட வராது. வேகம் கூடும், ஆனால் குழல் விரைவில் கொதிக்கும், உள்வாய் அரித்துப்போகும். முந்நூறு முறை சுடுகிறவர் 223ஐ எடுப்பது இதனால்தான். 17 எச்எம்ஆர் என்ற சிறிய தோட்டா மலிவு, ஆனால் எரிமூட்டி கோதின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் திரும்ப நிரப்ப முடியாது. குண்டையும் தோட்டாவையும் குழப்பினால் இதில் ஒரு வரிகூட நிற்காது.

தஞ்சாவூர், புதன் மாலை

விளக்கம் நன்று. கிரெய்னையும் விட்டுவிடாதீர்கள். அது வாற்கோதுமை மணியின் எடை. நம்மிடம் நெல்லெடை இருக்கிறது. நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி.

கொலராடோ, புதன் இரவு

ஐயா, இதை மட்டும் கேட்டு வணங்கி மறுக்கிறேன். நெல்லெடை கிரெய்னில் ஏறக்குறையப் பாதிதான். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒருவர் மருந்தை நிறுத்தால், எந்தப் பக்கம் தவறினாலும் ஆபத்து. கூடிப்போனால் துப்பாக்கி முகத்தருகில் வெடிக்கும். கிரெய்ன் கிரெய்னாகவே இருக்கட்டும். வேண்டுமானால் 50 கிரெய்ன் என்பது மூன்றேகால் கிராம் என்று ஒருமுறை எழுதிவிடுங்கள்.

யாழ்ப்பாணம், வியாழன்

சரி, தோட்டா, கோது, மருந்து மூன்றுக்கும் உடன்படுகிறேன். குண்டுக்கு இல்லை. குண்டு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வானிலிருந்து விழுவது. அந்தப் பக்கத்தில் ‘குண்டு’ என்று பார்த்தால் அவர்களுக்கு அணில் நினைவுக்கு வராது. எங்கள் வகுப்பில் சன்னம் என்றே சொல்லிக்கொடுப்பேன்.

மதுரை, வியாழன் இரவு

நால்வரில் இருவர் குண்டுக்கு, நேரமும் இல்லை. வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: ‘கோதுக்குள் 25 கிரெய்ன் மருந்து, அதன் கழுத்தில் 50 கிரெய்ன் குண்டு.’ முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஈழ வழக்கில் சன்னம்’ என்று சேர்த்திருக்கிறேன். சுடப்படும் விலங்குகளுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் ‘வார்மின்ட்’ என்ற இழிசொல்லுக்குத் ‘தீங்குயிரி’ வேண்டாமென்று முடிவு செய்தேன். கருங்கால் மரநாய் என்ற அரிய விலங்கு இந்த அணிலைத் தின்றே வாழ்கிறது. அதற்கு இது தீங்கில்லை. ‘தொல்லை விலங்கு என்று பண்ணைக்காரர் சொல்வது’ என எழுதிவிட்டேன்.

தஞ்சாவூர், வெள்ளி காலை

அனுப்பிவிட்டீர்கள் என்று தெரிகிறது, வாழ்த்துகள். உண்டையை நான் விடவில்லை. மறுபதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.